மஞ்சள் மழைக்கோட்டுக்கு எழுதிய பரிந்துரை

தொட்டியம்மா என்று சொன்னால்தான் அந்தப் பொறியியல் கல்லூரியில் அவரை எல்லோருக்கும் தெரியும். பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் அலுவலகப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. நீரியல் ஆய்வுக்கூடத்தில் சுற்றிவர மட்டும் வழி விட்டு நீண்டு கிடந்த அலைத் தொட்டியோடு அவருக்கிருந்த ஒட்டுறவே அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம். தொட்டியின் இரு பக்கமும் கனத்த கண்ணாடி. ஒரு முனையில் ஆள் உயரப் பலகை ஒன்று நிற்கும். மோட்டார் அதனை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு மறு முனைக்குப் போகும். துறைமுகச் சுவர்களையும் பாலத் தூண்களையும் கடலில் கட்டுவதற்கு முன்னர், அவற்றின் சிறு உருவங்கள் இந்தத் தொட்டியில்தான் அடி வாங்கிப் பழகும்.

தொட்டியின் ஒரு பக்கத்தில் மாணவர்கள் வேலை செய்யும் அகன்ற தளம் இருந்தது. எந்நாளும் ஈரம் வற்றாத இடம். மறு பக்கத்தில் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் போடும் அளவுக்கே இடுக்கு. தொட்டியம்மா அந்த இடுக்கில்தான் பல ஆண்டுகளாகக் குடியிருந்தார். அவருக்கென்று மாடியில் நல்ல அறை ஒன்று இல்லாமல் இல்லை. அதனைப் பழைய விடைத்தாள்களும் உடைந்த குடைகளும் சுகமாக அனுபவித்துக்கொண்டிருந்தன. அவரோ காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விடுவார். பென்சிலைக் காதில் செருகுவார். தேநீர்க் குடுவையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் குடிக்க மறந்துபோவார். அதன்பின் மாணவர்களைப் பார்ப்பதென்றால் தொட்டியின் வழியாகத்தான். இந்தக் கண்ணாடி, நடுவில் நீர், அந்தக் கண்ணாடி, அதற்கும் அப்பால் அவர்கள். தோள்கள் நெளியும், கைகள் நீளும், முகங்கள் கரைந்து கரைந்து கூடும்.

"மேடம் நம்மளத் தண்ணிக்குள்ள வச்சுத்தான் பாப்பாங்க, மீன் மாதிரி" என்பது மாணவர்களின் கேலி. அது கேலி பாதி, உண்மை பாதி.

மேற்படிப்புக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்துவிட்டால், பரிந்துரைக் கடிதம் கேட்டு மாணவர்கள் ஆசிரியர் அறைகளின் வாசலில் தவம் கிடப்பர். துறைத் தலைவரிடம் ஒரே கடிதம் இருந்தது. கடின உழைப்பாளி, நற்பண்பாளர், அமைதியானவர், எவரோடும் இணங்கிப் போகக்கூடியவர் என்று அதில் வரிசையாக வரும். பெயரை மட்டும் மாற்றிக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுவார். தொட்டியம்மாவுக்கு அது ஒப்பவில்லை. ஒருவருக்கு ஒரு காட்சி என்பது அவருடைய விதி. மாணவர்கள் இல்லாத பிற்பகலில் மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொள்வார். பலகையின் முனகல் தாலாட்டுப் போலத் தொடங்கும். சாளரத்தின் வெயில் நீரில் பட்டுக் கூரையில் வலைவலையாக ஆடும். விழிப்புமன்றித் தூக்கமுமன்றி அவர் கிடக்கையில், கடிதத்துக்கு உரிய மாணவரோ மாணவியோ நீருக்கு அப்பால் தாமாகவே வந்து நிற்பர்; என்றோ செய்த ஏதோ ஒன்றை மீண்டும் செய்து காட்டுவர். தொட்டியம்மா எழுந்து அதனை மட்டும் எழுதுவார். பாராட்டுச் சொல் ஒன்றுகூட இராது. அந்தக் கடிதங்களுக்குக் கடல் கடந்தும் மதிப்பிருந்தது.

எழுதிய கடிதம் நேரே போய்விடாது. வீட்டில் அக்கா இருந்தார். வானொலியில் நெடுங்காலம் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். பெயர் இருக்கும் இடங்களைத் தாளொட்டி மறைத்துத் தொட்டியம்மா நீட்ட, அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, வெள்ள நிலவரம் அறிவிக்கும் அதே குரலில் வாசிப்பார். எந்த வரியில் அந்தக் குரல் இடறுகிறதோ அந்த வரியில் பொய் இருக்கிறதென்று பொருள். அதனைத் திருத்திய பின்னரே கடிதம் இணையத்தில் ஏறும்.

அவ்வாண்டின் முதற்கடிதம் சூறாவளிக்கு. படிப்பை முடித்துவிட்டு அதே ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளராக இருந்த பெண் அவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள் போலத் திரிவாள். அவள் வருகிறாள் என்பதைக் கதவு, வாளி, திருகுச்சாவி ஆகிய மூன்றும் முன்கூட்டியே அறிவிக்கும். ஆய்வுக்கூடத்தின் மழைக்கோட்டுகளெல்லாம் கறுப்பு. அவள் மட்டும் தன் சொந்தச் செலவில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் கோட்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். நீரின் வழியே பார்க்கும் தொட்டியம்மாவுக்கு, அந்தப் பக்கத்தில் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அவளுக்காகச் சாய்ந்த பிற்பகலில் வந்த காட்சி தொட்டியம்மாவையே வியப்பில் ஆழ்த்தியது. பலகை நின்றுவிட்டது. மற்றவர்கள் தேநீருக்குப் போய்விட்டனர். மஞ்சள் கை ஒன்று மட்டும் கண்ணாடியின் மேல், நீர் தொடும் விளிம்பில், கட்டைவிரல் நகத்தை வைத்தபடி அசையாமல் இருந்தது. அலைகள் ஓய்ந்த பிறகும் தொட்டி நீர் முழுதாக உறங்கிவிடாது. மேற்பரப்பு விரித்த பாய் போலத் தோன்றும். ஆனால், மொத்த நீரும் ஒரு முனையில் மயிரிழை உயர்ந்து மறு முனையில் மயிரிழை தாழ்ந்து, பெருமூச்சு விடுவதுபோல நெடுநேரம் அசைந்துகொண்டிருக்கும். அது அடங்குமுன் அடுத்த அலையைக் கிளப்பினால் அளவுகளில் கலப்படம் சேரும். பெரும்பாலோர் அதற்குப் பொறுப்பதில்லை. கட்டைவிரல் கணுவில் சிறு வடு கொண்ட அந்தக் கை பொறுத்தது. நகத்தைத் தாண்டி நீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தது. இத்தனை ஆரவாரத்துக்குள் இப்படியோர் அமைதியா என்று தொட்டியம்மா உருகிப்போனார். கடிதம் தன்னால் எழுதிக்கொண்டது. அதனை வாசித்த அக்காவின் குரல் ஓரிடத்திலும் இடறவில்லை. முடித்த பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே அக்கா சொன்னார்.

"இந்தப் பிள்ளைய எனக்கே ஒரு தடவை பாக்கணும் போல இருக்குடி, பாப்பா."

தலை நரைத்த தங்கையை அக்கா இன்னமும் பாப்பா என்றே அழைத்துவந்தார்.

அந்தக் கடிதம் போன சில நாள்களில் சரிங்க வந்தான். அதுவும் பட்டப்பெயர்தான். எதைச் சொன்னாலும், எவர் சொன்னாலும், அவன் வாயிலிருந்து வரும் ஒரே விடை அது. சென்ற ஆண்டு படிப்பை முடித்தவன், நீரேற்றும் பம்புகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுக் குறிக்கும் வேலையில் இருந்தான். சரிங்க என்று சொல்வதற்கே சம்பளம் கிடைக்கும் வேலை என்று நண்பர்கள் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. அலைகளை ஆராயவேண்டும் என்ற ஆசை அவனுக்குள் எரிந்துகொண்டிருந்தது. சூறாவளி விண்ணப்பித்த அதே பல்கலைக்கழகம், அதே ஆய்வு மையம். உதவித்தொகையோடு அங்கிருந்தது ஓரிடம்தான். போன ஆண்டு துறைத் தலைவரின் கடிதத்தோடு முயன்று தோற்றிருந்தான். படிப்பு முடிந்த இரண்டாம் ஆண்டுக்குமேல் அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இயலாது. ஆகவே இது கடைசி வாய்ப்பு. வெள்ளிக்கிழமையோடு கதவு அடைக்கப்படும். இவ்வளவையும் அவன் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். தொட்டியம்மா எழுதுவதாக ஒப்புக்கொண்டார். அவனும் சரிங்க என்று சொல்லிப் போனான்.

அன்று பிற்பகலே மோட்டார் ஓடியது. கூரையில் ஒளிவலை ஆடியது. தொட்டியம்மா கண்களைப் பாதி மூடினார். நீருக்கு அப்பால் யார்யாரோ வந்தனர். மாதிரிக் கப்பலைக் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்த பழைய மாணவன் ஒருவன். நீரில் விழுந்த மூக்குத்தியைத் தேடித் தொட்டிக்குள் தலைகீழாக எட்டிப்பார்த்த ஒருத்தி. எப்பொழுதோ ஓய்வு பெற்றுப்போன காவலாளிகூட வந்து, கொட்டாவி விட்டுப் போனார். சரிங்க மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்று ஆண்டுகள் தம் கண்ணெதிரே நடமாடியவனைப் பற்றித் தமக்கு ஒன்றுமே நினைவில்லை என்பதைத் தொட்டியம்மா மெல்ல மெல்ல உணர்ந்தார். இருக்கிற இடம் தெரியாமல் இருந்தவன், உண்மையிலேயே இடம் தெரியாமல் போயிருந்தான்.

வீட்டில் வெறுந்தாளைப் பார்த்த அக்கா காரணம் கேட்டார்.

"பையன் ஞாபகம் வரலக்கா. நல்லவன்னு தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடேண்டி. அவன் வேற ஆளைப் பாத்துக்குவான்."

"வேற ஆள்னா எங்க துறைத் தலைவர்தான்."

"அமைதியானவர், இணங்கிப் போகக்கூடியவர்" என்று அக்கா செய்திக் குரலில் சொல்லிப் பார்த்தார். "வாடகைக்கு வீடு விடற விளம்பரம் மாதிரி இருக்கு. பாவம்டி அந்தப் பையன்."

சிரித்தாலும் இருவருக்கும் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. படுக்குமுன் தொட்டியம்மா ஒரு வழி கண்டார். காட்சி தானாக வராவிட்டால் வரவழைக்க வேண்டியதுதான்.

மறுநாள் உணவு இடைவேளையில், நிறுவனத்தின் முத்திரை பொறித்த சட்டையோடு சரிங்க ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். முன்னெல்லாம் எப்படிச் செய்வாயோ அப்படியே அலைகளைக் கிளப்பி ஓர் ஓட்டம் செய்து காட்டு என்று சொல்லிவிட்டுத் தொட்டியம்மா தம் இடுக்கில் போய் அமர்ந்தார். அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஆணிகளில் கறுப்புக் கோட்டுகள் தொங்கின. ஒன்றுக்கு ஒரு கை இல்லை, மற்றொன்று முதுகில் கிழிந்து வாய் பிளந்திருந்தது. கடைசி ஆணியில் சூறாவளியின் மஞ்சள் கோட்டு. சூறாவளி அன்று ஏதோ பொருள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவன் கை, பழகிய கை, கறுப்பைத் தொடாமல் மஞ்சளுக்கே போயிற்று.

தொட்டியம்மா இதனைப் பார்க்கவில்லை. அவர் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை முனகிற்று. முதல் அலை வந்தது. இரண்டாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. நீர் முழுவதும் ஒளியாகி உடைந்து கூடியது. அவருக்குக் கண்கள் சொக்கின. பலகை எப்பொழுது நின்றது என்று தெரியவில்லை. உலகம் மெல்லக் கீழே அமர்வதுபோல நீர் அமர்ந்தது. அப்பொழுது மஞ்சள் கை ஒன்று நீருக்கு அப்பாலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியின் மேல், நீர் தொடும் விளிம்பில், கட்டைவிரல் நகத்தை வைத்தது.

சூறாவளிதான் கனவில் திரும்பவும் வந்துவிட்டாள் என்றே அவர் முதலில் எண்ணினார். கை அசையவில்லை. வெயில் மேசையில் ஒரு விரற்கடை நகர்ந்தது. கை அப்பொழுதும் அசையவில்லை. அந்தக் கட்டைவிரலின் கணுவில் சிறு வடு ஒன்று நீரில் பெரிதாகித் தெரிந்தது. அந்த வடு சூறாவளியின் கடிதத்திலும் இருந்தது, அவரே எழுதியிருந்தார். தொட்டியம்மா பார்வையை விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து நெளிந்து நெளிந்து நிலைத்த முகத்துக்கும் உயர்த்தினார். அது சரிங்கவின் முகம்.

எழுந்தவர் செருப்பை அணியவும் மறந்து, தொட்டியின் முனையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துக்குப் போனார்.

"இந்தக் கோட்டையா போட்டுக்குவ?"

"ஆமாங்க மேடம். மத்ததெல்லாம் கிழிஞ்சிருக்கும். அவ கேண்டீனுக்குப் போறப்பக் கழட்டி என் மேல போட்டுட்டுப் போவா." தவறு செய்தவனைப் போல அவன் பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினான். "அவகிட்டக் கேட்டுத்தாங்க எடுப்பேன்."

"இந்த விரலை வைக்கிறது... எப்பவும் வைப்பியா?"

"பாக்கத் தண்ணி நின்ன மாதிரிதான் இருக்கும். நகத்த வச்சாத்தாங்க தெரியும், இன்னும் மூச்சு விடுதுன்னு. அது தூங்கற வரைக்கும் இருப்பேன்." கொஞ்சம் தயங்கினான். "லெட்டர் எழுத முடியலன்னாப் பரவாயில்லைங்க மேடம்."

எழுதுகிறேன் என்றார் தொட்டியம்மா. அவன் சரிங்க என்றான். கோட்டை மடித்து அதே ஆணியில் மாட்டிவிட்டு, புகார்களைக் கேட்கப் போய்விட்டான்.

அவன் போன பிறகு தொட்டியம்மா தம் இடுக்குக்குத் திரும்பினார். தவறு எப்படி நேர்ந்தது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. முகங்கள் நீரில் கரையக் கரைய, அவர் ஆளைக் கோட்டின் நிறத்தால் அடையாளம் கண்டுவந்திருந்தார். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் கொடுப்பவர் எவரும் இப்படியொரு பிழையைச் செய்திருக்க இயலாது. பார்த்ததை மட்டுமே எழுதுவேன் என்று உறுதி பூண்டவர்தான் செய்ய முடியும். அவர் பார்த்தது உண்மை, எழுதியது உண்மை, ஆள்தான் மாறிவிட்டது.

இனி என்ன செய்வது? சரிங்கவுக்கு உண்மையை எழுதினால், ஒரே குழுவின் மேசைமேல், ஒரே ஆசிரியர் கையொப்பமிட்ட இரு கடிதங்களில் ஒரே கட்டைவிரல் இருக்கும். துறைத் தலைவரின் ஒற்றைக் கடிதத்துக்கு இது அண்ணன் என்று நினைத்து இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள். வேறு எதையாவது எழுதலாம் என்றாலோ, அவனுக்கென்று அவர் கண்டது அந்த ஒன்றைத்தான். முதற்கடிதத்தைத் திருத்தலாம், திருத்தினால் சூறாவளியிடமிருந்து அந்த அமைதியைப் பிடுங்கிப் போட்டியாளனுக்குக் கொடுத்ததாகும். அதோடு, சேர்க்கைக் குழு இத்தனை ஆண்டுகளாகத் தம் கடிதத்தின்மேல் வைத்திருந்த நம்பிக்கையும் போய்விடக்கூடும். அது போனால் இனி வரும் மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் போகும்.

மாலையில் வீடு திரும்பும் வழியில் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின. நடைபாதையில் தேங்கிய நீரில் மனிதர்கள் தலைகீழாக நடந்தனர். எதிரே வந்த ஒவ்வொருவரும் கோட்டாகவும் குடையாகவும் பையாகவுமே அவருக்குத் தெரிந்தனர். உள்ளே யார் இருக்கிறார்களோ என்று எண்ணியபடியே தம் வீட்டு வாசலையும் தாண்டிச் சிறிது தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

நடந்ததை அக்கா முழுவதும் கேட்டார். பிறகு வானொலிக் காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். ஒரு முறை விபத்தில் இறந்தவரென்று வேறொருவர் பெயரை வாசித்துவிட்டாராம். பெயருக்குரியவர் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அடுத்த அறிக்கையில் திருத்தம் வாசிக்கும்பொழுது, தொடக்கச் செய்தியை வாசித்த அதே குரலில், அதே நிதானத்தில் வாசிக்கவேண்டும் என்பது அங்கே விதி. வேகமாக வாசித்து ஒப்பேற்றக்கூடாது.

"ஆனா ஒண்ணு, பாப்பா. திருத்தம் வாசிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆள் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லணும். நாங்க சொன்னோம். நீ அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டியா?"

தொட்டியம்மா இல்லையென்று தலையசைத்தார்.

அடுத்த நாள் சூறாவளி வழக்கம்போல் வாளியை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தொட்டியம்மா இடுக்கில் இல்லாமல் ஈரத் தளத்தில் நிற்பதைக் கண்டு அவளே ஓசையடங்கி நின்றாள். பரிந்துரைக் கடிதத்தில் உள்ளதை மாணவரிடம் சொல்லும் வழக்கம் இல்லை. அதனை மீறித் தொட்டியம்மா முழுவதையும் சொன்னார். எதனையும் மென்று விழுங்கவில்லை. கண்ணாடியில் எந்த இடத்தில் அந்தக் கை இருந்தது என்பதைத் தொட்டும் காட்டினார்.

சூறாவளி முதலில் சிரித்தாள். "நானா? தண்ணி அடங்கற வரைக்கும் நானா நின்னேன்? பஸ்ஸுக்கே நிக்க மாட்டேன் மேடம்." பிறகு சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஆணியில் தொங்கிய மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

"அப்போ மூணு வருஷமா நீங்க பாத்தது இதைத்தானா மேடம்? என்னைப் பாக்கவே இல்லையா?"

கோட்டு தன்பாட்டுக்கு ஒரு சொட்டு நீரைத் தரையில் விட்டது.

"நீ எனக்குச் சத்தமாத்தான் ஞாபகம் இருக்கம்மா" என்றார் தொட்டியம்மா. "பாத்த ஞாபகம் ஒண்ணும் இல்ல. அதுதான் உண்மை."

வலித்திருக்கவேண்டும். ஆனால், அந்தப் பெண்ணுக்குப் பூசிமெழுகாத பேச்சு பிடிக்கும்போலும். கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டு, என்ன நினைத்தாளோ, தொட்டியம்மாவின் முழங்கையைப் பிடித்துத் தொட்டியின் மறு முனைக்கு அழைத்துச் சென்றாள். அவருடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த முனையைத் தூண் ஒன்று மறைத்துவிடும். ஆதலின் தொட்டியம்மா அங்கே வந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அலைகள் வந்து முட்டித் திரும்பிவிடாமல் அவற்றை விழுங்குவதற்காக அங்கே ஒரு சரிவு இருக்கும். பழைய சரிவு வெறும் மரப்பலகை. இப்பொழுது அங்கே இருந்தது வேறொன்று. கறுத்த நுரைப்பஞ்சுத் துண்டுகள் மீனின் செதில்களைப் போல அடுக்கடுக்காய், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் வெட்டப்பட்டு, மீன்பிடி நரம்பால் தைக்கப்பட்டிருந்தன. சில துண்டுகளில் மெத்தைக் கடையின் முத்திரைகூட அழியாமல் இருந்தது.

"இது எப்ப வந்தது?"

"வரல மேடம். நான் பண்ணது. ரொட்டிக் கத்தியால வெட்டினேன். தப்புத் தப்பா வந்தது, பிச்சுப் போட்டுட்டுத் திரும்ப வெட்டினேன்." அவள் குரலில் பழைய வேகம் திரும்பிக்கொண்டிருந்தது. "அவன் பாட்டுக்கு விரலை வச்சுக்கிட்டு நிப்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். தண்ணி ஏன் இவ்ளோ நேரம் ஆடுதுன்னு பாத்தேன். அலை முட்டித் திரும்புது, அதான் ஆடுது. திரும்பாம பண்ணிட்டா இவன் சீக்கிரம் விரலை எடுப்பான்ல? அப்புறம் அவன் நகத்த வச்சுப் பாத்துச் சொல்லுவான், நான் வெட்டுவேன். கடைசியில பழைய நேரத்துல பாதி ஆச்சு."

தொட்டியம்மா குனிந்து ஒரு செதிலைத் தொட்டார். ஈரமாயும் உயிருள்ளதுபோலவும் இருந்தது. சென்ற ஆண்டு முதல் அளவுகள் தெளிந்து வரத் தொடங்கியதை அவர் கவனித்திருந்தார். கிடங்கிலிருந்து புதிய சரிவு வந்திருக்கும் என்று தாமே முடிவு கட்டியிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட தட்டலையும் திட்டலையும் ஆரவாரம் என்று காதை மூடிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

மோட்டாரை ஓடவிடுமாறு கேட்டார். சூறாவளி விசையைத் தட்டினாள். ஈரத் தளத்தில், வெறுங்காலோடு, தொட்டியம்மா முதன்முறையாக அலைகளை அவற்றின் முடிவிலிருந்து பார்த்தார். ஒவ்வொன்றும் தொலைவில் தலை தூக்கிற்று. ஒளியைச் சுமந்துகொண்டு நெருங்கிற்று. செதில்களுக்கு இடையே நுழைந்து, களைத்து வந்தவர் நாற்காலியில் சரிவதுபோல ஓசையின்றிச் சரிந்தது. திரும்பிப் போன அலை மிகச் சொற்பம். கூரையின் ஒளிவலை இங்கிருந்து பார்க்க வேறு வடிவில் ஆடியது. நீருக்கு அப்பால் அவருடைய மேசையும், திறந்து கிடந்த தேநீர்க் குடுவையும், யாரும் இல்லாத நாற்காலியும் நெளிந்துகொண்டிருந்தன. அங்கே அமர்ந்து இவ்வளவு காலம் தாம் கண்டது எதனை என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். கேள்வி அலையோடு போய்ப் பலகையைத் தொட்டுத் திரும்பிற்று.

பலகை நின்றது. சூறாவளி தன் கட்டைவிரல் நகத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். சிறிது நேரத்துக்குள் பொறுமையிழந்து எடுத்துவிட்டாள். அதைப் பார்த்துத் தொட்டியம்மா சிரித்தார். அவளும் சிரித்தாள்.

திருத்தம் அனுப்பினால் என்னென்ன நேரக்கூடும் என்பதைத் தொட்டியம்மா அவளுக்கு விளக்கினார். குழு பழைய கடிதத்தையும், இருவருக்கும் புதிதாக எழுதுபவற்றையும் சேர்த்து ஒதுக்கிவிடலாம். இருக்கும் ஓரிடம் சரிங்கவுக்கே போய்விடலாம். இருவருக்கும் இல்லாமல் மூன்றாம் ஆளுக்கும் போகலாம். அனுப்பாமல் விட்டால் அவளுடைய கடிதம் இப்பொழுது இருப்பதுபோலவே இருக்கும், கேட்பார் எவரும் இல்லை.

சூறாவளி கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, உதறி, மடித்து, மறுபடியும் விரித்தாள்.

"அங்க போய்ச் சேந்தப்புறம், 'எங்க, அந்த விரல வச்சுக் காட்டு'ன்னு யாராவது கேட்டா நான் என்ன மேடம் பண்ணுவேன்?" என்றாள். "எனக்கு இந்தப் பஞ்சு போதும். அவனுக்கு அவன் விரலைக் குடுத்துடுங்க. அவன் கேக்கவே மாட்டான், தெரியும்ல?"

தெரியும் என்று தொட்டியம்மா தலையசைத்தார். பிறகு அவளிடம் ஓர் உதவி கேட்டார். இருவருமாகச் சேர்ந்து இடுக்கிலிருந்த மேசையைத் தொட்டியின் முனையைச் சுற்றி இழுத்து வந்து, ஈரத் தளத்தில், தூணுக்கு இப்பால் போட்டனர். நாற்காலியின் ஒரு கால் வழியில் இடித்து ஆட்டம் கண்டது. சூறாவளி மிஞ்சிய நுரைப்பஞ்சில் ஒரு துண்டை வெட்டி அதற்கடியில் செருகினாள். தொட்டியம்மா அமர்ந்து பார்த்தார், ஆடவில்லை. காதில் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கே அந்தக் குழுவுக்கு எழுதறேன்" என்றார். "போன கடிதத்துல நான் எழுதின கை வேற ஒருத்தரோடதுன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் ரெண்டு பேருக்கும் புதுசா எழுதி அனுப்பறேன்."